வாயால் வந்ததா, வம்சத்தால் வந்ததா?

ரத்தக் கொழுப்பு பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்திதான் போட்டார்கள். அதற்கே கடிதங்கள் குவிந்துவிட்டன. முக்கால்வாசி "எந்த எண்ணெய் நல்லது டாக்டர் அம்மா?" ரகம். அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். மிச்சக் கடிதங்களில் சில என்னைத் தூங்கவிடவில்லை. அவற்றுக்கு முதலில் பதில். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டேன். ஊரும் வயதும் போதும்.

வயது 34, எடை 58 கிலோ. பரம்பரைச் சைவம், முட்டைகூடத் தொடமாட்டேன். கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 330, எல்.டி.எல். 262, ட்ரைகிளிசரைடு 110. லேப் தப்பு என்று வேறு இடத்தில் எடுத்தேன், எல்.டி.எல். 255 என்றார்கள். அப்பா 44 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் நெய்யை நிறுத்திவிட்டார்கள். காலையில் ஓட்ஸ் கஞ்சி. எத்தனை மாதத்தில் இறங்கும்? - வாசகர், திண்டுக்கல்

தம்பி, கஞ்சியால் இது இறங்காது. நெய்யை நிறுத்தியதில் தப்பில்லை. ஆனால் உங்கள் எண் நெய்யால் ஏறிய எண் இல்லை.

நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரித்துக்கொள்வது. சாப்பாட்டை மாற்றினால் எல்.டி.எல்., அதாவது ரத்தக்குழாயில் படியும் கெட்ட கொலஸ்ட்ரால், பத்துப் பதினைந்து சதவீதம் குறையும், அவ்வளவுதான். 160 இருப்பவருக்கு அது பெரிய விஷயம். 262 இருப்பவருக்கு அது 225. யாருக்கு என்ன லாபம்?

எல்.டி.எல். 190-ஐத் தாண்டி, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு ஒழுங்காக இருந்து, நெருங்கிய ரத்த உறவில் ஒருவர் சின்ன வயதில் இதயநோயால் இறந்திருந்தால், நாங்கள் முதலில் நினைப்பது பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயைத்தான். கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல்-ஐப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அதற்கான மரபணு 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதாகப் பிறந்தால், ரேஷன் கடையில் இரண்டு கவுண்டரில் ஒன்று முதல் நாளிலிருந்தே மூடிக்கிடக்கிற கதைதான். சரக்கு வழக்கம்போல வருகிறது, எடுக்க ஆள் பாதி. நீங்கள் சைவமா அசைவமா என்று அந்த மரபணு கேட்பதில்லை.

இது அபூர்வ நோய் என்று நினைக்காதீர்கள். உலகம் முழுக்க ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. உங்கள் தெருவிலேயே இன்னொருவர் இருக்கலாம். சிகிச்சை எடுக்காத ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயத்தில் பிரச்சினை வந்துவிடுகிறது. உங்கள் அப்பா 44.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி நிற்கும் தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். மெலிசாகச் சீராக இருக்க வேண்டும். தடித்து, முண்டு முடிச்சாக இருந்தால் அங்கே கொழுப்பு படிந்திருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணாடியில் கருவிழியின் ஓரத்தையும் பாருங்கள். வெள்ளை வளையம் எழுபது வயதுக்காரருக்கு சகஜம், 34-க்கு சகஜமில்லை. இரண்டுமே இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மரபணுச் சோதனை வசதி இருந்தால் செய்யலாம். அது வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருந்து என்றால் ஸ்டாட்டின், கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கும் மாத்திரை, அதுவும் நல்ல அளவில். 10 மில்லி கிராம் போட்டுப் பார்க்கலாம் என்பது உங்களுக்குப் பொருந்தாது. முழு அளவு ஸ்டாட்டின் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும்: 262 என்பது 131. அதோடு, குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எஸெடிமைப் மாத்திரையும் சேர்த்தால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 105 பக்கம் வரும். 100-க்குக் கீழே கட்டாயம் போக வேண்டும், 70-க்குக் கீழே போனால் இன்னும் நல்லது. மாத்திரையில் வராவிட்டால் அந்த ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஊசிகள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவது ஒன்று; ஆரம்ப ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்கிற இன்கிளிசிரான் இன்னொன்று. விலைதான் நம்மை யோசிக்க வைக்கும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா? சித்தப்பா, அத்தை உயிரோடு இருக்கிறார்களா? இந்த மரபணு உள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. ஒரு தாளில் அப்பா வழிச் சொந்தத்தை எழுதி, ஒவ்வொருவரையும் ஒரு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனைக்கு அனுப்புங்கள். கல்யாண வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுங்கள். காலை வணக்கம் போடுவதைவிட உபயோகமான வேலை.

என் மகனுக்கு 7 வயது. முழங்கை, முழங்கால், பின்பக்கத்தில் மஞ்சளாகத் தடிப்பு. மரு என்று ஓர் இடத்தில் சுட்டு எடுத்தார்கள், திரும்ப வந்துவிட்டது. இப்போது பார்த்த தோல் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். கொலஸ்ட்ரால் 640. நான் என் தாய்மாமாவைத்தான் கட்டியிருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் எந்த வியாதியும் இல்லை. மகள் 3 வயது, நன்றாக இருக்கிறாள். பையனுக்குச் சரியாகிவிடுமா? - வாசகி, விருதுநகர் மாவட்டம்

அம்மா, இந்த இதழ் கையில் கிடைத்த வாரத்திலேயே குழந்தைகள் இதய மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் பையனைக் கூட்டிப் போங்கள். மதுரை உங்களுக்குப் பக்கம். பள்ளிக்கூட விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம். எக்கோ எடுத்து, பெருந்தமனி வால்வையும் இதய ரத்தக்குழாய்கள் கிளம்பும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, விளையாடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறானா என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"எந்த வியாதியும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் ரத்தம் பார்த்தீர்களா? பார்த்திருக்கமாட்டீர்கள். முதல் கேள்விக்காரருக்குச் சொன்ன பழுது உங்கள் இருவரிடமும் ஒவ்வொன்று இருக்கலாம். உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ இருந்த ஒரே மரபணுப் பழுது, மாமா வழியாக ஒருமுறையும், உங்கள் அம்மா வழியாக உங்களுக்கு வந்து இன்னொரு முறையுமாக, பையனிடம் இரட்டையாகச் சேர்ந்திருக்கலாம். பெற்றோர் இருவருக்கும் ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு அப்படி அமைவதற்கு. சொந்தத்தில் கட்டாத ஊர்களில் இந்த இரட்டை வகை சில லட்சத்தில் ஒருவருக்குத்தான். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமா என்று கட்டுவதால் அது ஒரே குடும்பத்துக்குள் வந்து நிற்கிறது. இதை வைத்து யாராவது உங்களைக் குறை சொன்னால், பழுது இரண்டு பக்கமும் சமமாகத்தான் வந்தது என்று என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.

உங்கள் இருவருக்கும் எல்.டி.எல். சுத்தமாக நார்மல் என்று வந்தால் என்ன? அப்போது கதையே வேறு. சிட்டோஸ்டெரோலீமியா என்று ஒரு நோய் இருக்கிறது. எண்ணெய், பருப்பு, கொட்டை வகைகளில் இருக்கும் தாவரக் கொழுப்புச் சத்தை உடம்பு வெளியே தள்ளத் தெரியாமல் சேர்த்துவைத்துக்கொள்ளும். தோலில் இதே மஞ்சள் தடிப்புதான் வரும். அதற்குச் சாப்பாட்டு மாற்றமும் எஸெடிமைப்பும் நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் பையனைப் பார்க்கும் டாக்டர் உங்கள் ரத்தத்தையும் கேட்பார். அலுத்துக்கொள்ளாமல் கொடுங்கள்.

இரட்டை வகைதான் என்றால், சரியாகிவிடும் என்று நான் எழுதமாட்டேன். கட்டுப்படுத்த வழி இருக்கிறது என்று எழுதுவேன். ஸ்டாட்டின் ஏற்பிகளை அதிகமாக்கித்தான் வேலை செய்கிறது. ஏற்பியே சரியில்லாத குழந்தைக்கு அது கொஞ்சம்தான் கேட்கும். ஆனாலும் தொடங்குவார்கள், எஸெடிமைப்பும் சேர்ப்பார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து எல்.டி.எல்-ஐ மட்டும் வடிகட்டித் திரும்ப ஏற்றும் முறை ஒன்று உண்டு, டயாலிசிஸ் போல. எல்லா ஊரிலும் கிடையாது. இல்லாத இடத்தில் பிளாஸ்மா மாற்றுவார்கள். ஏற்பியை நம்பாமல் வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளும் வந்திருக்கின்றன. லோமிடாபைட் ஒன்று, எவினாகுமாப் இன்னொன்று. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. உதவித் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

கல்லீரல் மாற்று என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதே நோய். கொலஸ்ட்ரால் 1000-ஐத் தாண்டி, இதயம் கெட்டுப்போயிருந்தது. 1984 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கில் இதயம், கல்லீரல் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள். புதுக் கல்லீரலில் நல்ல ஏற்பிகள் இருந்ததால் கொலஸ்ட்ரால் மளமளவென்று இறங்கியது. இந்த நோயின் வேர் கல்லீரலில் இருக்கிறது என்பதை அந்தச் சிறுமி எங்களுக்கெல்லாம் காட்டினாள். அவள் 1990-இல் இறந்துவிட்டாள் என்பதையும் மறைக்கமாட்டேன். அது நாற்பது வருடத்துக்கு முந்தைய மருத்துவம். இன்று அந்த இடத்துக்குப் போகுமுன் செய்ய நிறைய இருக்கிறது.

மகளுக்கும் ரத்தம் பாருங்கள். நன்றாக இருக்கிறாள் என்பது பரிசோதனை இல்லை.

வயது 51. ஆறு மாதமாகக் கொலஸ்ட்ரால் 290. மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். போட்ட நாளிலிருந்து தொடையும் தோளும் ஒரே வலி, நிறுத்திவிட்டேன். உடம்பு வேறு பெருத்துவிட்டது, எப்போதும் அசதி, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல். மெனோபாஸ் என்கிறார்கள். - வாசகி, நாகர்கோவில்

தைராய்டு பார்த்தார்களா? டி.எஸ்.எச். என்ற ஒரே பரிசோதனை. அதிகச் செலவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் தைராய்டு குறைவுக்கும் பொருந்துகிறது, கொலஸ்ட்ரால் உட்பட. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கல்லீரலில் நான் மேலே சொன்ன ஏற்பிகளும் குறைந்துவிடும். மரபணு சரியாகத்தான் இருக்கும், கொலஸ்ட்ரால் மட்டும் ஏறும். தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்துச் சில மாதத்தில் தானாக இறங்குவதைப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், தைராய்டு குறைவாக இருக்கும் உடம்பில் ஸ்டாட்டின் போட்டால் தசைவலி வருவதற்கு வாய்ப்பு அதிகம். உங்களுக்கு வலி வந்தது கற்பனை இல்லை. தைராய்டைச் சரிசெய்த பிறகு, தேவைப்பட்டால் மறுபடி தொடங்கலாம். பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது என்றதும் "வாயைக் கட்டு" என்பது நம் வீடுகளில் முதல் வைத்தியம். ஏன் ஏறியது என்று கேட்பவர் கிடையாது. தைராய்டு மட்டுமில்லை. காலும் முகமும் வீங்கி, சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனால் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகலாம். அதிலும் கொலஸ்ட்ரால் எகிறும். பித்தக்குழாய் அடைப்பிலும் ஏறும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், முகப்பருவுக்குப் போடும் ஐசோட்ரெட்டினாயின், இவற்றாலும் ரத்தக் கொழுப்பு ஏறலாம். மூட்டுவலிக்கு என்று பெயர் இல்லாத பொட்டலத்தில் வாங்கிச் சாப்பிடும் பொடிக்குள் ஸ்டீராய்டு கலந்திருந்தால்? அதை லேப் ரிப்போர்ட் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் எல்லாருக்கும் ஏறும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

தைராக்சினை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று வருபவர்கள் ஏராளம்.

வயது 38. லேபில் என் ரத்தம் பால் மாதிரி இருக்கிறது, எல்.டி.எல். கணக்குப் போட முடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ட்ரைகிளிசரைடு 1,840. சுகர் 290. சனி, ஞாயிறு மட்டும் குடிப்பேன். நண்பர்கள் கொள்ளு ரசம் குடித்தால் கரையும் என்கிறார்கள். - வாசகர், காரைக்குடி

இந்த சனிக்கிழமையிலிருந்து கிடையாது. "கொஞ்சமாக" என்பதும் கிடையாது.

உங்கள் கவலை இதயத்தைப் பற்றி இருக்கும். எனக்குக் கணையத்தைப் பற்றி. ட்ரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டினால் கணையம் வெந்து புண்ணாகும் ஆபத்து உண்மையானது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலியும் வாந்தியும் வந்தால் அல்சர் என்று ஜெலுசில் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு. அங்கே "ட்ரைகிளிசரைடு 1,840" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரத்தம் இப்படிப் பாலாக இருக்கும்போது கணையப் புண்ணைக் கண்டுபிடிக்கும் அமைலேஸ் பரிசோதனை நார்மல் போல ஏமாற்றுவதுண்டு.

எல்.டி.எல். வராததற்குக் காரணம் எளிது. பெரும்பாலான லேபில் அதை அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்-ஐக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் அந்தக் கணக்கு செல்லாது. உங்களுக்கு இப்போது அது முக்கியமும் இல்லை. குடியை நிறுத்தி, சர்க்கரையை இறக்கி, இனிப்பையும் சோற்றின் அளவையும் எண்ணெயையும் வெட்டினாலே இந்த எண் பெருமளவு விழும். ஃபெனோஃபைப்ரேட் போல ஒரு மருந்தும் டாக்டர் தருவார். சுகர் நார்மலாகி, குடியும் விட்ட பிறகும் ஆயிரத்திலேயே நின்றால் அப்போது மரபணுவைச் சந்தேகிப்போம்.

கொள்ளு ரசம் நல்ல ரசம். சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு 41-இல் மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணனுக்கு 45-இல். இருவருமே புகை, மது கிடையாது. எல்.டி.எல். 104 தான். பிறகு எதனால்? - வாசகர், ஈரோடு

எல்.டி.எல். போலவே ரத்தத்தில் ஓடும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நார்வே நாட்டுக்காரர் கோரே பெர்க் 1963-இல் கண்டுபிடித்தது. வழக்கமான லிப்பிட் பரிசோதனையில் தனியாகத் தெரியாது. உலகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதிகம். முழுக்கப் பிறவியில் வருவதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லி கிராமுக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். நடையோ உணவோ அதைக் குறைக்காது, ஸ்டாட்டினும் குறைக்காது; அதைக் குறிவைக்கும் மருந்துகள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. அதுவரை நாம் செய்வது மற்ற எல்லாவற்றையும் கடுமையாகப் பிடிப்பது. ஸ்டென்ட் வைத்தவருக்கு 104 என்பது "தான்" இல்லை. 55-க்குக் கீழே கொண்டுவரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அண்ணனையும் கூடவே கூட்டிப் போங்கள்.

இமை ஓரத்தில் மஞ்சளாகப் படை. பார்லரில் கிரீம் போடச் சொல்கிறார்கள். - வாசகி, சேலம்

கிரீமுக்குப் போகாது. இப்படி இருப்பவர்களில் பாதிப் பேருக்குத்தான் ரத்தக் கொழுப்பு அதிகம், மீதிப் பேருக்கு நார்மல். நீங்கள் எந்தப் பாதி என்று லிப்பிட் பரிசோதனை சொல்லும். அதைப் பார்த்துவிட்டு, அழகுக்காக எடுக்க ஆசைப்பட்டால் தோல் டாக்டரிடம் எடுங்கள். திரும்ப வரலாம்.

கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகளின் சதி என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ வந்தது. உண்மையா? - வாசகர், திருவாரூர்

கம்பெனிகள் லாபம் பார்க்கின்றன. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இரண்டாவது கேள்வியில் இருக்கிற ஏழு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் பீடி பிடிக்கவில்லை. அவனுக்கு பி.பி., சுகர், ஆபீஸ் டென்ஷன் எதுவும் இருக்க வாய்ப்பில்லை. இந்த இரட்டை வகைக் குழந்தைகளிடம் மாறியிருப்பது எல்.டி.எல். ஒன்றுதான். அதுவே பத்துப் பதினைந்து வயதில் இதயக் குழாயை அடைக்கிறது. இதைச் சதிக்காரர்கள் எப்படிச் செய்வார்கள்?

எதிர்ப்பக்கமும் பார்த்தாயிற்று. பிறவியிலேயே பி.சி.எஸ்.கே.9 வேலை செய்யாமல், எல்.டி.எல். குறைவாகவே வாழ்பவர்கள் சிலர் உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதயநோய் 88 சதவீதம் குறைவு. அவர்கள் யாரும் மாத்திரை வாங்கவில்லை.

ஏற்பியைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் டல்லாஸ் மருத்துவப் பள்ளிக்காரர்கள். 1985-இல் நோபல் பரிசு. அவர்கள் அந்த வழிக்கு வந்ததே இந்த மாதிரிக் குழந்தைகளைப் பார்த்துத்தான். முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1973-இல் ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து எடுத்தார். அந்தப் பூஞ்சை கியோட்டோவில் ஓர் அரிசிக் கடையிலிருந்து கிடைத்தது. நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை, 2024-இல் காலமானார். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. இதை வேண்டுமானால் வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள்.

ஸ்டாட்டினுக்குப் பக்கவிளைவு உண்டு. சிலருக்குத் தசைவலி வரும், சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவருக்குச் சர்க்கரை சற்று ஏறும். கர்ப்பம் என்று தெரிந்தால் டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும்.

எந்த எண்ணெய் நல்லது? - நாற்பதுக்கும் மேற்பட்ட வாசகர்கள்

கடலை, நல்லெண்ணெய், சூரியகாந்தி, தவிட்டெண்ணெய், எது வேண்டுமானாலும் மாற்றி மாற்றி. பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருப்பதைப் பார்த்து அதிகக் காசு கொடுக்காதீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கணக்கில் வரும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருந்ததே இல்லை. தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு, எல்.டி.எல்-ஐ ஏற்றும். கன்னியாகுமரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவியலுக்கு ஒரு கரண்டி ஊற்றுங்கள், பொரிக்க வேண்டாம். செக்கில் ஆட்டினாலும் கொழுப்பு கொழுப்புதான். எது வாங்கினாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். வீட்டில் நாலு பேர் என்றால் இரண்டு லிட்டர். வடை சுட்ட எண்ணெயை மறுபடி சட்டியில் ஊற்றாதீர்கள்.